வளர்ப்பு மிருகங்களின் கண்ணைக் காத்தல்

கமக்காரரின் செல்வம் வயலிலும் தோட்டத்திலும் மாத்திரம் அடங்கியதன்று. வளவின் மூலையிற் கட்டப்பட்டுள்ள ஆடும், பட்டியில் நிற்கும் பசுவும் கன்றும், நெல் மூடைகளைச் சுற்றி எலி பிடிக்கும் பூனையும், வயற் குடிசையிற் காவல் கிடக்கும் நாயும் அச்செல்வத்தின் பகுதிகளேயாம். இவற்றின் காலில் முள் தைத்தால் உடனே கவனிக்கும் கமக்காரர் பலர், கண்ணில் நீர் வடிந்தால் “தானாக மாறிவிடும்” என்று விட்டுவிடுகின்றனர். கண்ணோ காத்திருக்கும் உறுப்பன்று. காலிற் புண் பத்து நாட் பொறுக்கும்; கண்ணிற் புண் சிலவேளை இரண்டு நாட்கூடப் பொறாது. மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள கடலோர ஊர்களின் கமக்காரர், தம் மிருகங்களின் கண்ணைக் காக்கும் முறையையும், அதன்பொருட்டு மிருக வைத்தியர் மேற்கொள்ளும் தொடர்கல்வியின் பயனையும் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பிரசுரம் எழுதப்பட்டுள்ளது.

கண்ணுக்கும் விலை உண்டு

ஹஜ்ஜுப் பெருநாளை எதிர்பார்த்து ஆடு, மாடு வளர்ப்போர் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் பலர் உளர். உழ்ஹிய்யாவுக்குரிய பிராணி குறைகள் அற்றதாய் இருத்தல் வேண்டும். வெளிப்படையாகத் தெரியும்படி ஒரு கண் குருடான பிராணி அதற்கு ஏற்றதன்று என்பது மார்க்க நூல்கள் கூறும் விதி. ஆகவே, ஓராண்டு முழுதும் தழை வெட்டிப் போட்டு வளர்த்த கிடாயின் கண் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்னர் வெண்மை படர்ந்து கெட்டுவிடுமாயின், அக்கிடாய் பெருநாட் சந்தைக்கு உதவாது. இறைச்சிக் கடைக்காரர் கேட்ட விலைக்கே அதனைக் கொடுக்க நேரிடும். ஓராண்டு உழைப்பின் ஊதியம் ஒரு கண்ணினால் குறைந்து போகின்றது.

பசுவுக்கு நேரும் நட்டம் வேறு வகையானது. கண் வலியெடுத்த பசு வெயிலை வெறுத்து நிழலில் ஒதுங்கும், மேய்ச்சல் குறையும், பாலும் குறையும். பார்வை இழந்த மிருகம் வாய்க்காலிலும் குழியிலும் விழும். பூனையின் கண் கெட்டால் எலி பெருகும். எலி பெருகினால் நெல் குறையும். சின்னஞ்சிறு கண்நோயும் ஈற்றில் கமக்காரரின் கணக்கிலேயே வந்து சேருகின்றது.

மிருக வைத்தியரின் கல்வி

இலங்கையில் மிருக வைத்தியப் பட்டக் கல்வி 1947 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. அது பின்னர்ப் பேராதனையில் நிலைபெற்று, 1980 இல் தனிப் பீடமாயிற்று. மிருக வைத்தியரைப் பதிவு செய்து தொழிலை ஒழுங்குபடுத்துவதற்கான சட்டம் 1956 இல் இயற்றப்பட்டது. அண்டைத் தமிழ்நாட்டிலே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இலேயே தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாய் விளங்குகின்றது. அதன் சிகிச்சையகத்தில் கண்நோய்களைக் கவனிக்கவும் தனிப் பிரிவு உண்டு. அமெரிக்காவில் மிருகக் கண் வைத்திய நிபுணர்களின் கல்லூரி 1970 இல் நிறுவப்பட்டது.

எனினும் நம் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இருப்பவர் கண் நிபுணர் அல்லர். அவர் எல்லா நோயையும் எல்லா மிருகத்தையும் பார்க்கும் பொது வைத்தியர். காலையில் ஒரு பசுவுக்குச் சினைப்படுத்தல் ஊசி. பின்னர் கோழிப்பண்ணையில் நோய் விசாரணை. நண்பகலில் கால் முறிந்த ஆடு. மாலையில் கண் சிவந்த நாய். பல்கலைக்கழகத்தில் அவர் கற்ற எண்ணற்ற பாடங்களுள் கண் ஒரு சிறு பகுதியே. பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தபின் கருவிகள் மாறியிருக்கும், மருந்துகள் மாறியிருக்கும், அன்று நல்லதெனக் கருதப்பட்டது இன்று தீங்கெனத் தெளிந்திருக்கும். இவ்விடைவெளியை நிரப்புவதே தொடர்கல்வி. கன்னொறுவையிலுள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தொடர்கல்வி நிலையமும், பேராதனைப் பீடமும், வைத்தியர் சங்கங்களும் சேவையிலுள்ள வைத்தியருக்குப் பற்பல துறைகளிற் பயிற்சி வகுப்புகளை நடத்தி வருகின்றன. உலகெங்கும் பொது வைத்தியருக்கென நடத்தப்படும் இத்தகைய வகுப்புகளில் சிறு மிருகங்களின் கண் பராமரிப்பும் ஒரு முக்கிய பாடமாகும்.

கமக்காரரும் இவ்விடயத்தில் தமக்குள்ள தொடர்பை உணர்தல் வேண்டும். புதிய இன நெல் வந்தபோது அதன் வயது, பசளை, நோய் எதிர்ப்பு ஆகியவற்றை விவசாயப் போதனாசிரியரிடம் மீண்டும் கற்றே கமக்காரர் விதைத்தனர். பாட்டனார் விதைத்த முறையை மாத்திரம் கொண்டு இன்று விதைப்பாரில்லை. வைத்தியருக்கும் அதுவே நியதி. பயிற்சிக்காக ஒரு வைத்தியர் இரண்டு நாள் அலுவலகத்தில் இல்லாதபோது அதனைக் குறையாகக் கொள்ளாது, தம் மிருகத்துக்கான முதலீடாகவே கமக்காரர் கொள்ளுதல் வேண்டும்.

ஒரே சிவப்பு, வேறு வேறு காரணம்

தொடர்கல்வியின் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரே பட்டியில் இரண்டு ஆடுகள் எனக் கொள்வோம். இரண்டுக்கும் ஒரு கண் சிவந்து, நீர் வடிந்து, பாதி மூடியிருக்கின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவது ஆட்டின் கண்ணில் நெற்கூர் கீறிப் புண் உண்டாகியுள்ளது. இரண்டாவது ஆட்டின் கண்ணில் புண் இல்லை. உட்புறத்தே அழற்சி ஏற்பட்டுள்ளது. இரண்டாவதற்கு ஸ்டீரொயிட் சேர்ந்த கண் மருந்து வைத்தியரின் மேற்பார்வையில் நன்மை செய்யும். அதே மருந்தை முதலாவதற்கு இட்டால் புண் ஆறாது, கிருமி பெருகும், கண்ணின் முன்படலம் கரைந்து துளைபட்டு, கண்ணே போய்விடும்.

கண்ணின் முன்புறத்தே கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும் அப்படலத்தை விழிவெண்படலம் என்பர். நாயில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மாத்திரமே. மேலெழுந்தவாரியான கீறல் தகுந்த சிகிச்சையால் ஒரு வாரத்துள் ஆறிவிடும். தீய பற்றீரியா புகுந்த ஆழமான புண்ணோ ஓரிரு நாளில் அப்படலத்தைக் கரைத்துத் துளைத்துவிடக் கூடும். ஆகவே “கண் சிவப்பு” என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைத்து, ஒரே மருந்தை எல்லாவற்றுக்கும் இடுதல் பெருந்தவறு.

வைத்தியர் பழகும் சோதனைகள்

காரணத்தைப் பிரித்தறியும் பொருட்டுத் தொடர்கல்வியில் வைத்தியர் சில சோதனைகளை முறைவழுவாது செய்யப் பழகுகின்றனர். இவற்றிற் பல, பெரிய இயந்திரங்கள் வேண்டாதவை. கிராம அலுவலகத்திலும் செய்யக் கூடியவை.

முதலாவது, கண்ணீர்ச் சோதனை. ஜெர்மானிய வைத்தியர் ஒட்டோ ஷிர்மர் 1903 இல் வகுத்த முறை இது. சிறு தாட்கீற்றொன்றின் நுனியைக் கீழிமையினுள் வைத்து ஒரு நிமிடத்தில் அது எவ்வளவு தூரம் நனைகின்றது என்று அளப்பர். நலமுள்ள நாயில் 15 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் நனையும். 10 மில்லிமீற்றரிலும் குறைந்தால் கண்ணீர் போதாது என்பது பொருள். கண்ணில் எந்தத் துளி மருந்தும் இடுமுன்னரே இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, நிறச் சோதனை. புளோரசீன் என்னும் சாயம் 1871 இல் ஆக்கப்பட்டது. இச்சாயம் தோய்ந்த தாளை நனைத்துக் கண்ணிற்பட வைத்துக் கழுவினால், நலமுள்ள படலத்தில் நிறம் ஒட்டாது. புண் உள்ள இடத்திலோ ஒளிரும் பச்சையாக ஒட்டி நிற்கும். நீல ஒளியில் அது இன்னும் தெளிவாய்த் தெரியும். முற்கூறிய இரண்டு ஆடுகளையும் ஒரு நிமிடத்தில் வேறுபடுத்திக் காட்டுவது இச்சிறு தாளே.

மூன்றாவது, கண்ணின் உள் அமுக்கத்தை அளத்தல். நாயில் இது ஏறத்தாழ 10 முதல் 25 மில்லிமீற்றர் இரச அளவுள் இருத்தல் வேண்டும். அமுக்கம் மிக உயர்ந்தால் குளுக்கோமா என்னும் நோய். சில நாளில், சிலவேளை சில மணி நேரத்தில், பார்வை நரம்பு கெட்டுவிடும். அமுக்கம் மிகக் குறைந்தால் உள்ளழற்சி என்று ஐயுறுதல் வேண்டும். கண்மணியை விரிக்கும் துளி மருந்தை, அமுக்கத்தை அறிந்த பின்னரே இடுவர். உயர் அமுக்கமுள்ள கண்ணுக்கு அத்துளி கேடு செய்யும்.

நான்காவது, இருட்டறையில் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தல். இதற்குரிய கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851 இல் உலகுக்கு அறிவித்தார். அதன் வழியே வில்லையின் தெளிவையும், விழித்திரையின் இரத்தக் குழாய்களையும் காணலாம். முதுமையால் வில்லை நீலச்சாம்பல் படர்வது வேறு; பார்வையை மறைக்கும் கண்புரை வேறு. பயிற்சி இல்லாக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாய்த் தோன்றும்.

இவற்றுடன் சத்திர சிகிச்சைப் பயிற்சியும் உண்டு. உட்புறம் மடிந்து உறுத்தும் இமையைத் திருத்துதல், கிழிந்த இமையைத் தைத்தல், மூன்றாம் இமையின் கீழுள்ள சுரப்பி வெளியே தள்ளி நிற்பின் அதனை வெட்டி எறியாது மீண்டும் உள்ளே அமைத்தல் ஆகியன பொது வைத்தியராற் செய்யத்தக்கவை. அச்சுரப்பி கண்ணீரின் ஒரு பகுதியைத் தருவதாதலால் அதனை வெட்டினால் பின்னாளில் கண் வரண்டு போகக் கூடும். மயிரினும் மெல்லிய நூலாற் கண்ணைத் தைக்கக் கைபழகுவதற்கு, உலகின் பல கல்லூரிகளில் மடுவத்திலிருந்து பெறப்படும் கண்களைப் பயன்படுத்துகின்றனர். எந்த நோயைத் தாமே பார்க்கலாம், எதனை மேலிடத்துக்கு அனுப்புதல் வேண்டும் என்று அறிவதும் அக்கல்வியின் பெரும் பகுதியாகும்.

ஆடும் கன்றும்

வெள்ளாடுகளிலும் மாடுகளிலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் கண் சிவப்பு நோய் உண்டு. மாடுகளில் மொராக்செல்லா என்னும் பற்றீரியாவும், ஆடுகளில் பெரும்பாலும் மைக்கோப்பிளாஸ்மா, கிளமீடியா என்னும் கிருமிகளும் இதனை உண்டாக்குகின்றன. ஈக்கள் ஒரு கண்ணின் நீரைக் குடித்து மறு கண்ணில் அமர்வதாலும், ஒரே தொட்டியில் முகம் உராய்வதாலும் நோய் பரவும். கச்சான் காற்று மணலையும் தூசையும் அள்ளி வீசும் மாதங்களிலும், கடும் வெயிலிலும் கண் முன்னரே நொந்திருப்பதால் கிருமிக்கு இலகுவில் இடம் கிடைக்கும். ஓர் ஆட்டின் கண்ணில் நீர் வடிவதைக் கண்டவுடன் அதனை நிழலில் வேறாகக் கட்டுதல் வேண்டும். நலமுள்ள ஆடுகளை முதலிற் கவனித்து, நோயுற்றதை இறுதியிற் கவனித்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பட்டியில் சாணத்தை நாடோறும் அகற்றி எருக்குழியில் மூடினால் ஈ குறையும்; தோட்டத்துக்கு நல்ல எருவும் சேரும்.

எருமையிலும் மாட்டிலும் கண்புழு என்னும் மெல்லிய வெண்புழு இமையின் கீழ் வாழ்வதுண்டு. இதனையும் ஈயே காவுகின்றது. கண்ணீர் ஓயாது வடிந்து, படலம் மங்கும்போது வைத்தியர் இமையை விலக்கிப் பார்த்துப் புழுவை அகற்றி, தகுந்த புழு மருந்தைக் கொடுப்பர்.

நெற்செய்கைப் பகுதியில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மாலைக்கண். காய்ந்து வெளுத்த வைக்கோலில் விற்றமின் ஏ சத்தைத் தரும் மஞ்சட் பொருள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றது. பல மாதம் வைக்கோலை மாத்திரம் உண்ணும் மாட்டுக்கு ஈரலிற் சேமித்த சத்தும் தீர்ந்துபோம். முதல் அறிகுறி, பொழுது சாய்ந்தபின் தடுமாறுதல். தாய் பச்சைத் தீன் காணாதிருந்து, கன்றுக்குச் சீம்பாலும் சரிவரக் கிட்டாவிடின் கன்றே முதலிற் பாதிக்கப்படும். வளருங் கன்றில் இக்குறை நீடித்தால், பார்வை நரம்பு செல்லும் எலும்புத் துவாரம் சுருங்கி நரம்பை நெரிக்கும். அப்போது குருடு நிரந்தரமாகிவிடும். பின்னர் எம்மருந்தும் உதவாது. தொடக்கத்திலோ சிகிச்சையாலும் தீனாலும் பார்வை மீளும்.

இதனை அறிய எளிய சோதனையொன்று உண்டு. மாலை மங்கும் வேளையில் வளவில் இரண்டு மூன்று சாக்குகளை வழியிற் போட்டு, கன்றை மெதுவாக நடத்திச் செல்லுதல் வேண்டும். பகலில் விலகிச் சென்று மாலையில் இடறும் கன்று மாலைக்கண் உடையதென ஐயுறத்தக்கது. தடுக்கும் வழியும் எளிது. வைக்கோலுடன் நாடோறும் பச்சைப் புல், வேலியிலுள்ள சீமைக்கிளுவைத் தழை, அகத்தி, முருங்கை, வத்தாளைக் கொடி முதலியவற்றைச் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். மரக்கறித் தோட்டக்காரருக்கு இது செலவின்றிக் கிட்டும். பூச்சி மருந்து தெளித்த கொடியையும் இலையையும் மாத்திரம் தீனாக இடலாகாது.

பூனையும் நாயும்

பூனைக்குட்டி பிறந்து ஏழு முதல் பதினான்கு நாளுள் கண் திறக்கும். அதற்கு முன் மூடிய இமை வீங்கிப் பருத்திருந்தால் உள்ளே சீழ் கட்டியுள்ளதென்று அறிதல் வேண்டும். திறக்குமட்டும் காத்திருந்தால் கண் உள்ளேயே அழியும். உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். பல பூனைகள் வாழும் வீட்டில் தும்மலும் கண் பீளையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும்; அதற்குக் காரணமான வைரசு பூனையின் உடலில் மறைந்திருந்து மெலிவுற்ற காலத்தில் மீண்டும் தலைகாட்டும்.

பூனையின் உணவிலும் கண்ணுக்குரிய இரகசியம் உண்டு. மாடும் ஆடும் பச்சைத் தழையிலிருந்து விற்றமின் ஏயை ஆக்கிக்கொள்ளும். பூனையால் அது இயலாது. மேலும் டோரின் என்னும் பொருள் உணவில் இல்லாவிடின் பூனையின் விழித்திரை தேய்ந்து குருடாகும் என்று 1975 இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். மீனிலும் இறைச்சியிலும் டோரின் உண்டு, சோற்றில் இல்லை. கரைவலை மீன் வந்திறங்கும் இக்கரையோரத்தில் மீன்தலையும் குடலும் வீசப்படும் பொருள்கள். அவற்றை அவித்து முள் நீக்கிப் பூனைக்கு இட்டால் அதன் கண்ணும் நிலைக்கும், எலியும் ஒழியும்.

பயிரையும் மந்தையையும் காக்கும் நாயை வைத்திருத்தற்கு மார்க்கத்தில் இடமுண்டு. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்ற வரலாற்றை இப்பகுதியில் அறியாதாரும் இலர். நாயைத் தொடத் தயங்குவோர் கையுறை அணிந்து, கயிற்றுப் பட்டியால் நடத்திச் செல்லலாம். உண்ணி கடியால் வரும் காய்ச்சலில் நாயின் கண் சிவந்து, உள்ளே இரத்தம் கசிவதுண்டு. அப்போது கண்ணுக்கு மாத்திரம் மருந்திட்டுப் பயனில்லை. சண்டையில் விழி வெளியே பிதுங்கிவிட்டால், சுத்தமான துணியை உப்புநீரில் நனைத்து அதன்மேல் மூடி, உலரவிடாது அக்கணமே வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நாயின் போக்கு திடீரென மாறி, வாயில் நீர் வடிந்து, கண் ஒருவிதமாய் வெறித்திருப்பின் அது விசர் நோயாக இருக்கக் கூடும். அதனை எவரும் அணுகலாகாது. உடனே அறிவித்தல் வேண்டும்.

பார்வை முற்றாக இழந்த நாயும் பயனற்றதாகிவிடாது. அதன் மூக்கும் செவியும் இருக்கின்றன. இடத்தை மாற்றாது, தண்ணீர்ச் சட்டியை ஒரே இடத்தில் வைத்தால் பழகிய வளவில் அது நலமாக வாழும்.

மிருகத்தின் நோயும் மனிதரின் கண்ணும்

நாயின் உடலில் வாழும் டைரோபிலேரியா ரெபென்ஸ் என்னும் நூற்புழுவை நுளம்பு மனிதருக்கும் காவுகின்றது. இலங்கையில் மனிதரிடம் இப்புழு பல தடவை கண்டறியப்பட்டுள்ளது. கண்ணின் வெண்சவ்வின் கீழ் உயிருடன் நெளிந்து, வைத்தியரால் அகற்றப்பட்டதும் உண்டு. நாய்க்குட்டியின் வட்டப்புழு முட்டைகள் மண்ணோடு குழந்தையின் வாயிற் சென்றால், அப்புழுவின் குடம்பி கண்ணை அடைந்து பார்வையைக் கெடுக்கக் கூடும். ஆகவே குட்டிகளுக்குக் காலந்தவறாது புழு மருந்து கொடுப்பதும், வளவில் நீர் தேங்காது காப்பதும் மிருகத்துக்கு மாத்திரமன்றி வீட்டுக் குழந்தைகளுக்கும் செய்யும் காப்பாகும்.

நெற்கூரும் உமியும் வைக்கோற் துகளும் கமக்காரரின் கண்ணையும் கீறுவன. தாவரப் பொருளாற் கீறிய கண்ணிற் பூஞ்சணம் புகுந்து கடும் புண்ணாதல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கமக்காரரிடையே அறியப்பட்ட துன்பம். சூடடிக்கும் இயந்திரத்தின் அருகில் நிற்போர் கண்ணாடி அணிதல் நன்று.

செய்யத்தகாதன

1. புகையிலைச் சாறு, உப்புத்தூள், தேசிக்காய்ச் சாறு, மண்ணெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் இடலாகாது. இவை கண்ணைச் சுடும். நீர் பெருகுவதை “அழுக்குக் கழிகின்றது” என்று கொள்வது தவறு. அது வலியின் கண்ணீரே.

2. வீட்டில் எவருக்கோ வைத்தியர் கொடுத்து மிஞ்சிய கண் மருந்தை மிருகத்துக்கு இடலாகாது. அதில் ஸ்டீரொயிட் இருப்பின் புண்ணுள்ள கண் அழியக் கூடும்.

3. படலத்திற் குத்தி நிற்கும் முள்ளைத் தாமே பிடுங்கலாகாது. உள்ளிருக்கும் நீர் வெளிப்பட்டுக் கண் சுருங்கிவிடும்.

4. “வெள்ளை விழுந்துவிட்டது, இனி என்ன” என்று கைவிடலாகாது. வெண்மை ஆறும் புண்ணின் தழும்பாகவும் இருக்கலாம்; தீர்க்கக்கூடிய நோயாகவும் இருக்கலாம்.

வைத்தியரிடம் செல்லுமுன் செய்ய வேண்டியன

1. ஒரு இலீற்றர் நீரைக் கொதிக்க வைத்து, 9 கிராம் சுத்தமான உப்பை அதிற் கரைத்து, நன்கு ஆறவிட்டு, அந்நீராற் கண்ணை மெதுவாகக் கழுவலாம். பீளையைச் சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்தபின் அத்துணியை மறு கண்ணுக்கு உபயோகிக்கலாகாது.

2. பூச்சி மருந்தோ சுண்ணாம்போ பசளையோ கண்ணிற் பட்டிருப்பின் உப்புநீருக்காகக் காத்திராது, கிணற்று நீரால் உடனே கழுவத் தொடங்கி 15 முதல் 20 நிமிடம் விடாது கழுவுதல் வேண்டும். மருந்தின் பெயர்ச்சீட்டை உடன் கொண்டுசெல்லல் வேண்டும்.

3. மிருகம் கண்ணைத் தேய்க்காவண்ணம் காத்து, நிழலில் வைத்து, நீரும் தீனும் அருகில் வைத்தல் வேண்டும்.

4. எப்போது தொடங்கியது, ஒரு கண்ணா இரு கண்ணா, வேறு மிருகத்துக்கும் உண்டா, என்ன தீன் கொடுக்கப்பட்டது, எம்மருந்து ஏற்கெனவே இடப்பட்டது என்பவற்றை மறைக்காது சொல்லுதல் வேண்டும். நாட்டு மருந்து இட்டதைச் சொல்ல வெட்கப்படலாகாது; அதனை அறியாது வைத்தியர் கொடுக்கும் மருந்து பயனற்றுப் போகலாம்.

5. கண் முழுதாய் மூடியிருத்தல், திடீரெனப் பார்வை இழத்தல், விழி வீங்கிப் பெருத்தல், படலம் மங்கிக் குழிவிழுதல் ஆகிய நான்கும் அன்றைய தினமே காட்ட வேண்டிய குறிகள்.

6. கொடுத்த மருந்தைக் குறித்த நாள்வரை, குறித்த தடவை இடுதல் வேண்டும். சிவப்பு மாறிய இரண்டாம் நாளில் நிறுத்தலாகாது. மீளப் பார்க்க வரச் சொன்ன நாளில் தவறாது செல்லல் வேண்டும். பாலுக்கும் இறைச்சிக்கும் உரிய மிருகமாயின், மருந்திட்டபின் எத்தனை நாள் பாலை விற்கலாகாது, அறுக்கலாகாது என்று கேட்டறிதல் வேண்டும்.

கற்ற வைத்தியரும் காலத்தில் வரும் கமக்காரரும்

வைத்தியர் எவ்வளவு கற்றாலும், மிருகம் பத்தாம் நாளில் வந்து சேருமாயின் அக்கல்வி பயன்படாது. கமக்காரர் முதல் நாளிலே வந்தும், வைத்தியர் நிறச் சோதனைத் தாளைக் கையில் எடுக்கப் பழகாதிருப்பின் அவ்வருகையும் பயன்படாது. இரண்டும் ஒன்றுசேரும் இடத்திலேதான் கண் பிழைக்கின்றது. ஆதலால் கமக்காரர் அமைப்புகளும் பால் உற்பத்தியாளர் சங்கங்களும் தம் கூட்டங்களுக்குப் பிரதேச மிருக வைத்தியரை அழைத்து, அவர் புதிதாய்க் கற்றதை எடுத்துக்கூறச் செய்தல் நன்று. வைத்தியர் கற்பதும் கமக்காரர் கேட்பதும் ஒரே கல்வியின் இரு பாதிகளாம்.

வரம்பில் உடைப்பைக் கண்டவர் விடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே செல்வர். மிருகத்தின் கண்ணில் நீர் கண்டபோதும் அவ்வாறே செல்லுதல் வேண்டும்.